மண்ணைச் சோதிக்கிறோம், கையைச் சோதிக்கிறோமா?



நாம் கூடுகிற இடத்திலெல்லாம் மண்ணைப் பற்றிப் பேசுகிறோம். கரிமச்சத்து எவ்வளவு, மண்புழு இருக்கா, மூடாக்கு போட்டாச்சா, விதை யார்கிட்ட வாங்கினது என்று மணிக்கணக்கில் பேச்சு ஓடும். ஆனால் அந்த மண்ணைத் தொடுகிற கையைப் பற்றி நம் கூட்டங்களில் பேசி நான் கேட்டதில்லை. விரல் மடங்கிப்போய் நிமிர மறுத்தால், "வயசாயிடுச்சு", "மம்பட்டி பிடிச்ச கை அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். விரல் நிமிராவிட்டால் முதலில் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். நாம இயற்கை விவசாயம் செய்றோம், நமக்கெல்லாம் வராது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நான் இருப்பது மேனாம்பேட்டில். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். 1960-களில் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் ஏரிப் பாசனம், நெல் வயல். 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது வயல் என்று சொல்ல ஒன்றுமில்லை. இங்கே சிறிய இயற்கை விளைபொருள் கடை வைத்திருக்கிறேன். திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கத்து உழவர்கள் அரிசியும் கீரையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். லேத்திலும் கிரைண்டிங் மெஷினிலும் முப்பது வருஷம் நின்று ஓய்வுபெற்றவர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். தராசுக்கு அந்தப் பக்கம் உழவர் கை, இந்தப் பக்கம் தொழிலாளி கை. இரண்டையும் தினமும் பார்க்கிறேன். சில்லறை வாங்க உள்ளங்கையை விரிக்கச் சொன்னால் முழுசாக விரிக்க முடியாதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டால், "அது கிடக்குது, ரெண்டு மூணு வருஷமா" என்பார்கள். "சுகர் பாத்தீங்களா?" என்று கேட்டால், "அதுக்கும் விரலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்பார்கள். அந்தச் சம்பந்தத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த விரல், என்ன கோளாறு

விரல் நிமிராமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாம் ஒன்றல்ல.

முதலாவது, உள்ளங்கைச் சவ்வு சுருங்குவது. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் ஒரு கெட்டியான சவ்வு இருக்கிறது. தோல் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். மம்பட்டிக் காம்பை இறுக்கிப் பிடிக்க முடிவது அதனால்தான். சிலருக்கு இந்தச் சவ்வு தடித்து, முதலில் ஒரு முடிச்சு மாதிரி வரும். பெரும்பாலும் மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ நேர் கீழே. வலி அதிகம் இருக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. பிறகு அந்த முடிச்சு ஒரு கயிறு போல நீண்டு, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல விரலை உள்ளே இழுக்கும். பாரிஸில் இருந்த டுப்யூட்ரென் என்ற அறுவை மருத்துவர் 1831-ல் இதைப் பற்றி விளக்கினார். அதனால் அவர் பெயரிலேயே டுப்யூட்ரென் சுருக்கம் என்கிறார்கள். வட ஐரோப்பியர்களிடம் இது ரொம்ப அதிகம். நம்மிடம் குறைவு. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இங்கேயும் பார்க்க முடிகிறது. அவர்களுக்கு நடுவிரலிலும் மோதிர விரலிலும் வருவது சகஜம்.

இரண்டாவது, சொடுக்கு விரல். விரலை மடக்குகிற நாண் ஒரு குழாய் மாதிரியான உறைக்குள் ஓடுகிறது. அந்த உறை தடித்து இறுகினால் நாண் சிக்கிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் விரல் மடங்கியபடியே நிற்கும். இன்னொரு கையால் இழுத்தால் 'டக்'கென்று நிமிரும். பொதுவாக நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் வரக்கூடியது இது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்குப் போகிறது. பெண்களுக்குத்தான் அதிகம். பால் கறப்பவர்களுக்கும் கத்தரிக்கோல் பிடித்துக் கவாத்து செய்பவர்களுக்கும் இது வந்தால் அன்றாட வேலையே நின்றுபோகும்.

மூன்றாவது, கை முழுக்க விறைத்துப்போவது. தோல் தடித்து மினுமினுப்பாகும். சுண்டுவிரலில் ஆரம்பித்து மற்ற விரல்களுக்கும் பரவும். வலியே இருக்காது. கும்பிடும்போது இரண்டு உள்ளங்கையும் ஒட்டாது, விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். நீண்ட நாள் சர்க்கரை நோயின் அடையாளம் இது. பல பேருக்குக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் சேதம் வருகிற அதே காலத்தில்தான் கையும் இப்படி ஆகிறது. அதனால் கை விறைத்தால் கண்ணையும் பார்க்கச் சொல்வார்கள்.

சர்க்கரை கையை என்ன செய்கிறது

தோசையின் ஓரம் சிவக்கிறது இல்லையா? மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒட்டிக்கொண்டு நிறம் மாறுவதால்தான் அப்படிச் சிவக்கிறது. நம் உடம்புச் சூட்டிலும் அதே மாதிரி ஒட்டுதல் நடக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. ரத்தத்தில் சர்க்கரை கூடக் கூட, ஒட்டுதலும் கூடும்.

சவ்வு, நாண், மூட்டுறை எல்லாம் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. கயிறு திரித்த மாதிரி இழை இழையாக இருக்கும். ஓர் இழை இன்னோர் இழையின் மேல் வழுக்கி ஓடுவதால்தான் விரல் மடங்கி நிமிர்கிறது. சர்க்கரை போய் ஒட்டினால் இழைக்கும் இழைக்கும் நடுவே குறுக்குக் கட்டு விழும். வழுக்க வேண்டியது பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். பழையதைக் கரைத்துப் புதுசாக்குகிற உடம்பின் வேலையும் தடைபடும்.

மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு என்று ஒரு சோதனை எடுக்கிறார்களே, ஹெச்பிஏ1சி, அதுவும் இதே ஒட்டுதலைத்தான் அளக்கிறது. சிவப்பணுவில் உள்ள புரதத்தில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அது செத்து, புதுசு வந்துவிடும். கொலாஜனுக்கு ஆயுள் பல வருஷம். அதில் ஒட்டியது அப்படியே தங்கி, வருஷா வருஷம் சேரும். மாத்திரை போட்டு இந்த மாதம் சர்க்கரை இறங்கிவிட்டாலும் விரல் உடனே நிமிராததற்குக் காரணம் இதுதான். ஆகவே, விரல் மடங்கிய பிறகு சர்க்கரையைப் பார்ப்பதைவிட, மடங்குவதற்கு முன்னால் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

டுப்யூட்ரென் சுருக்கம் சர்க்கரையால் மட்டும் வருவதில்லை. பரம்பரை அதில் பெரிய காரணம். வயசு இன்னொரு காரணம். ஒரு சர்க்கரைக்கட்டியைக்கூட அதிகமாகத் தொடாதவருக்கும் வரலாம். அதனால் விரல் மடங்கிய ஒருவரைப் பார்த்து "நீ ஒழுங்கா சாப்பிடலை" என்று குற்றம் சொல்வது அநியாயம். பரம்பரையையும் வயசையும் நாம் மாற்ற முடியாது. சர்க்கரை, குடி, புகை, அதிர்வு ஆகிய நான்கும் நம் கைக்குள் இருப்பவை. அந்த நான்கைப் பற்றித்தான் நாம் பேசிப் பயன்.

வெயிலில் உழைக்கிறோம், நமக்கு வருமா?

வரும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. எண்ணிக்கையில் பத்துக் கோடிக்கு மேல். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இன்னும் 13 கோடிக்கு மேல். அதே ஆய்வின் முதல் கட்டம் தமிழ்நாட்டில் நடந்து 2011-ல் வெளியானபோதே, நகரத்தில் 13.7 சதவீதம், கிராமத்தில் 7.8 சதவீதம் என்று வந்தது. கிராமத்தில் பன்னிரண்டு பதிமூன்று பேரில் ஒருவர். சென்னை நகரத்தில் 1989-ல் 8.3 சதவீதமாக இருந்தது 2004-ல் 14.3 ஆனது. நகரம் போன பாதையில்தான் கிராமமும் போகிறது. ஏர் பிடித்த இடத்தில் டிராக்டர் வந்தாச்சு, நடந்த இடத்துக்கு வண்டி வந்தாச்சு. ஆனால் சோற்று அளவு மட்டும் ஏர் பிடித்த காலத்து அளவிலேயே இருக்கிறது.

"நான் ஒல்லி, எனக்கெங்கே சுகர்" என்பது இன்னொரு பேச்சு. இந்தியர்களுக்கு உடல் எடை குறைவாக இருக்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். கை விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடந்த ஆய்வில், டுப்யூட்ரென் சுருக்கம் இருந்த ஆண்களிடம் நான்கு விஷயங்கள் சேர்ந்து தெரிந்தன: வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடுதல், உடல் எடை குறைவு, அதிகப் புகை, உடலுழைப்புத் தொழில். கடைசி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நம் கிராமத்து உழவர் ஒருவரை வர்ணித்த மாதிரி இல்லையா?

பீடியும் பாட்டிலும்

கோபன்ஹேகன் நகரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. குடி கூடக் கூட டுப்யூட்ரென் சுருக்கத்தின் ஆபத்து கூடுகிறது, புகை கூடக் கூடவும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகம் என்று அதில் தெரிந்தது. புகை கையிலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சர்க்கரையும் அதே குழாய்களைத்தான் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் காயம் ஆறுவதும் தாமதம்.

ரசாயனம் கலந்த காய்கறி வேண்டாம் என்று ஊருக்கே சொல்கிறோம். களத்துமேட்டில் சாயங்காலம் பீடிக்கட்டும் பாட்டிலும் இருந்தால் அந்தப் பேச்சுக்கு மரியாதை கிடையாது. இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பயிற்சி முகாம்களில் பஞ்சகவ்யா கரைசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம், இதற்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

களைக்கொல்லியை விட்டோம், அதிர்வைப் பிடித்தோம்

இது இயற்கை உழவர்களுக்கே உரிய பிரச்சினை. களைக்கொல்லி அடிக்கிறவர் ஒரு நாளில் முடித்துவிடுவார். நாம் அடிப்பதில்லை. கைக்களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் பிரஷ் கட்டர் ஓடுகிறது, வரிசைப் பயிரில் பவர் வீடர் ஓடுகிறது. எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாக உள்ளங்கைக்குள் போகிறது.

இது சின்ன விஷயமில்லை. பிரிட்டனில் 2019 டிசம்பரிலிருந்து டுப்யூட்ரென் சுருக்கத்தைத் தொழில்சார் நோயாக அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணக்கு இதுதான்: அதிர்வுள்ள கைக்கருவியை மொத்தம் 10 வருஷமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாரம் மூன்று நாளாவது, நாளுக்கு இரண்டு மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும். கூலிக்குப் பிரஷ் கட்டர் ஓட்டுகிற பையன்கள் மழைக்காலத்தில் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொழிற்பேட்டையில் கிரைண்டர் பிடித்தவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. கை போனால் காட்ட ஓர் ஆஸ்பத்திரி உண்டு. தன் நிலத்தில் தானே மிஷின் ஓட்டுகிற உழவருக்கும், மணிக்கணக்குக் கூலிக்கு ஓட்டுகிற பையனுக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. அவர்கள் கையை அவர்களேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

மிஷினையே விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஒரே ஆள் நாள் முழுக்க ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை இறக்கி விரல்களை விரித்து மடக்குங்கள். கைப்பிடி ரப்பரும் அதிர்வு தாங்கும் புஷ்ஷும் தேய்ந்துபோனால் மாற்றுங்கள். மழுங்கிய, ஒரு பக்கம் கனத்த பிளேடு இரண்டு மடங்கு ஆட்டும். கைப்பிடியை உயிரைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்காமல், நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும், இறுக்கம் கூடினால் அதிர்வும் கூடுதலாக ஏறும். எல்லாவற்றையும்விட முக்கியம் மூடாக்கு. நன்றாக மூடாக்குப் போட்ட தோப்பில் களையே குறைவு, மிஷின் ஓடுகிற நேரமும் குறைவு. மூடாக்கு மண்ணுக்கு நல்லது என்று நம்மாழ்வார் ஐயா காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அது கைக்கும் நல்லது என்று இனிமேல் சேர்த்துச் சொல்லலாம். நெல்லில் தள்ளுகிற கோனோவீடருக்கு எஞ்சின் கிடையாது, அதனால் இந்த அதிர்வும் கிடையாது.

'இயற்கை' என்ற சொல் மருந்தல்ல

இப்போது சொல்லப்போவது சில நண்பர்களுக்குக் கசக்கும். நம் சந்தைகளில் சில அரிசிப் பைகளில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று அச்சடித்திருக்கிறார்கள். சில இடத்தில் 'சர்க்கரையை விரட்டும்' என்றே போட்டிருக்கிறார்கள். அந்த வாசகம் ஒட்டிய பையை என் கடையில் நான் எடுப்பதில்லை. காரணம் சொல்கிறேன்.

கருப்பு கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் அருமையான நெல். அவற்றைத் தேடித் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் போன்றவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் எந்த அரிசியிலும் சுமார் முக்கால் பங்கு மாவுச்சத்து. வயிற்றுக்குள் போனால் அது சர்க்கரைதான் ஆகும். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், உச்சமும் குறையும். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2014-ல் வெளியிட்ட சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீக்காத அரிசி சாப்பிட்டபோது, சாப்பாட்டால் ஏறுகிற சர்க்கரையின் அளவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. கூடவே பருப்பும் பயறும் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. இது நல்ல செய்தி. ஆனால் 20 சதவீதம் குறைகிறது என்பதை வைத்துக்கொண்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டால் கணக்கு எங்கே போகும்? இன்னொன்று, பாரம்பரிய நெல்லையே மில்லில் கொடுத்துப் பளபளவென்று தீட்டி வாங்கினால் தவிடு போச்சு. பெயர்தான் பாரம்பரியம், உள்ளே இருப்பது வெள்ளை அரிசிதான். அதையே குழையக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்தால் இன்னும் வேகமாகச் சர்க்கரை ஏறும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் கொஞ்சம் தாதுச்சத்து கூடுதல்தான். ஆனால் பெரும்பகுதி சுக்ரோஸ். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன், நாட்டுச் சர்க்கரைதான் போட்டுக் குடிக்கிறேன் என்று ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்தால், விரல் சவ்வில் போய் ஒட்டுகிற சர்க்கரைக்கு அது நாட்டுச் சரக்கா ஆலைச் சரக்கா என்று தெரியாது.

விற்பனைக்கு இது நல்லதில்லையே என்று கேட்பீர்கள். எனக்கும் கடை இருக்கிறது, எனக்கும் விற்க வேண்டும். "தீட்டாதது, பூச்சிமருந்து அடிக்காதது, யார் விளைவித்தது என்று சொல்ல முடிந்தது" என்று உண்மையைச் சொல்லியே விற்கலாம். நம்மை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு கவுனிக் கஞ்சி குடிக்கிற ஒருவருக்குக் காலில் புண் வந்தால், அந்தப் பழி நம் இயக்கத்தின் மேல்தான் விழும். விதை நிறுவனங்கள் பையின் மேல் பொய் எழுதுகின்றன என்று மேடையேறிச் சொல்கிற நமக்கு, நம் பையின் மேல் எழுதுவதிலும் பொறுப்பு வேண்டும்.

சாப்பாட்டாலும் நடையாலும் பலன் இல்லையா? நிச்சயம் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சாப்பாட்டை மாற்றி, நடையைக் கூட்டியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருகிற ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்குக் குறைந்தது 26.4 சதவீதம். ஆக, நோய் வருவதற்கு முன்னால் சாப்பாடும் நடையும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. ஆனால் தனக்கு எந்த நிலை என்று தெரிந்தவரால்தானே அதைச் செய்ய முடியும்?

மடங்கிய விரலும் மறைத்த பயமும்

கிராமத்தில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கினால் சிலர் கையைத் துண்டுக்குள் மறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தொழுநோய் என்று ஊர் பேசுமோ என்ற பயம். இதில் இரண்டு பக்கமும் ஆபத்து. தொழுநோய் இல்லாதவர் வீணாகக் கூனிக் குறுகுகிறார். தொழுநோய் இருப்பவர் காட்டாமல் இருந்து நரம்பைக் கெடுத்துக்கொள்கிறார்.

அடையாளம் வேறுவேறு. தொழுநோயில் உணர்ச்சி இருக்காது. சூடு, குத்தல் தெரியாது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கலாம், கையில் தசை வற்றும். உள்ளங்கையில் கயிறு மாதிரி தட்டுப்படாது. டுப்யூட்ரென் சுருக்கத்தில் உணர்ச்சி இருக்கும், கயிறு மாதிரி தட்டுப்படும். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தும் வேலையை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டார். ஆகவே எதுவாக இருந்தாலும் கையை வெளியே எடுத்துக் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

வீட்டிலேயே இரண்டு சோதனை. ஒன்று, உள்ளங்கையை மேசை மேல் கவிழ்த்து வையுங்கள். கை முழுசும் பலகையில் படிய வேண்டும். விரலுக்கு அடியில் பென்சில் போகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு, கும்பிடுங்கள். முழங்கையை அகட்டி, முன்கை இரண்டும் நேர்கோட்டில் வரும்படி. உள்ளங்கையும் விரல்களும் முழுசாக ஒட்டுகிறதா பாருங்கள். வீட்டில் பெண்களையும் செய்யச் சொல்லுங்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அவர்கள் கைதான். "எனக்கென்ன" என்று கடைசியாகக் கை நீட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

பிறகு ரத்தம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், 100 முதல் 125 வரை அதற்கு முந்தைய நிலை. ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நோய், 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை. ரத்தசோகை இருந்தால் இந்த இரண்டாவது எண் பிசகலாம், அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது வயலில் இருந்தால், அடுத்த முறை எப்போது என்று கேட்டு வையுங்கள்.

விரலைக் கட்டு வைத்தியரிடம் கொடுத்து இழுத்து நிமிர்த்தாதீர்கள். சுருங்கிய சவ்வு எண்ணெய் தேய்த்தாலும் பத்துப் போட்டாலும் இளகாது, பலமாக இழுத்தால் புண்தான் மிச்சம். சொடுக்கு விரலுக்கு ஊசி போட்டாலே பலருக்குச் சரியாகும். அது ஸ்டீராய்டு ஊசி என்பதால் சில நாள் சர்க்கரை ஏறும், ஆகவே சர்க்கரை இருப்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சவ்வுச் சுருக்கத்துக்கு ஊசிமுனையால் அறுத்து விடுவதும் அறுவை சிகிச்சையும் உண்டு. மறுபடி வரவும் கூடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்தது. நாட்டின் முதல் சர்க்கரை நோய்ப் பிரிவை பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-ல் தொடங்கியதும் அதே ஸ்டான்லியில்தான். கைத் துறைக்குப் போனால் சர்க்கரையைச் சொல்லுங்கள், சர்க்கரைப் பிரிவுக்குப் போனால் கையைக் காட்டுங்கள்.

இயக்கத்துக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். நம் விதைத் திருவிழாக்களில் ஒரு மேசை போட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, வருகிறவர்களுக்குச் சர்க்கரையும் கையும் பார்க்கச் சொல்லலாம். அரிசிப் பையிலும் வெல்லப் பையிலும் நோயைக் குணமாக்கும் என்ற வாசகம் இருக்கக்கூடாது என்று நம் சந்தைகளுக்கு ஒரு விதி போடலாம். பவர் வீடர், பிரஷ் கட்டர் பயிற்சியில் எரிபொருள் கலவையைச் சொல்லித் தருகிற அதே ஆள், எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லித் தரலாம்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. இந்த இதழைப் படித்து முடித்ததும் கையை மேசையில் கவிழ்த்துப் பாருங்கள். படியவில்லை என்றால், நாளைக் காலை வெறும் வயிற்றில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள். தண்ணீர் பாய்ச்சும் வேலையை அன்றைக்கு ஒரு நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.